ஐரிஷ் பண்ணை வீட்டு அடுப்பங்கரை இரும்பு: கொல்லர் அடித்தது எது, வார்ப்பு எது?

குமரன்_கேவன்

எல்லோருக்கும் வணக்கம். அயர்லாந்தில் கேவன் கவுண்டியில் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். பக்கத்துப் பண்ணையில் இருந்த பாட்டி மகள் வீட்டோடு போய்விட்டார், பழைய வீட்டை மகன் புதுப்பிக்கப் போகிறார், அதற்கு முன்னால் மாட்டுக்கொட்டகையில் கிடக்கும் இரும்பில் வேண்டியதை எடுத்துக்கொள், மிச்சத்தைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவேன் என்று என்னிடம் சொன்னார். போய்ப் பார்த்தால் ஒரு முழு அடுப்பங்கரையே அங்கே கிடக்கிறது. மூன்று கால் பானை பெரிதாக ஒன்று, சின்னதாக ஒன்று, தட்டையடிப் பானை ஒன்று மூடியோடு, வளைபிடி வைத்த வட்டமான கல் (நம் தோசைக்கல்லை விடக் கனம்), நீளம் நீளமாகக் கொக்கிகள், கங்கு எடுக்கும் இடுக்கி. இவை போக என்னவென்றே தெரியாத ஒரு சின்ன ஸ்டாண்டு: முன்பக்கம் கம்பிகளை வளைத்து நடுவில் இதய வடிவம், பின்பக்கம் சாய்ந்து நிற்க ஒரு கால். வீட்டுக்குள் அடுப்புச் சுவரை ஒட்டி ஆள் உயரத்துக்கு ஒரு இரும்புக் கிரேன் இன்னும் அப்படியே நிற்கிறது, கையால் தள்ளினால் கிறீச்சென்று திரும்புகிறது.

பழம்பொருள் வியாபாரி ஒருவர் வந்து பார்த்துவிட்டு எல்லாமே கிராமத்துக் கொல்லர் கையால் செய்தது என்று சொல்லி மொத்தமாக ஒரு விலை கேட்டார். வேலை இடத்து நண்பர் ஒருவர் சாண்ட் பிளாஸ்டிங் (மணலை வேகமாகப் பீய்ச்சித் தேய்ப்பது) பண்ணிக் கறுப்பு பெயின்ட் அடி, புதிது மாதிரி ஆகிவிடும் என்கிறார். எனக்கு இரண்டுமே உறுத்துகிறது. இதில் எது நிஜமாகவே கையால் அடித்தது? இவற்றை என்ன செய்வது சரி?

வார்ப்படம்

நல்ல வேளை கேட்டீர்கள். பெயின்ட் டப்பாவை ஓரமாக வையுங்கள், முதலில் எது என்ன என்று பிரித்துவிடலாம்.

நான் கோயம்புத்தூரில் பவுண்டரியில் வேலை பார்த்தவன், அதனால் வார்ப்புப் பக்கத்தை நான் சொல்கிறேன். மூன்று கால் பானையைக் கிராமத்துக் கொல்லர் செய்திருக்கவே முடியாது. அது வார்ப்பிரும்பு. கரி அடுப்பும் துருத்தியும் சம்மட்டியும் வைத்திருக்கும் பட்டறையில் இரும்பைச் சிவக்கக் காய்ச்சி அடிக்கலாம், வளைக்கலாம், ஒட்டலாம், ஆனால் ஒரு பானைக்கு வேண்டிய இரும்பை உருக்கி அச்சில் ஊற்றுகிற வசதி இருக்காது. இந்த வடிவப் பானைகள் மலிவாகக் கிடைக்க ஆரம்பித்ததற்கு முக்கியமான காரணம் ஆபிரகாம் டார்பி என்ற குவேக்கர் (ஒரு கிறிஸ்தவப் பிரிவினர்). இரும்புப் பானையை மணல் அச்சில் வார்க்கும் முறைக்கு அவர் 1707இல் காப்புரிமை வாங்கினார், 1709இல் இங்கிலாந்தின் கோல்புரூக்டேலில் கோக் கரியால் (சுட்டெடுத்த நிலக்கரி) இரும்பு உருக்கிக் காட்டினார். அதற்கு முன்னால் நல்ல சமையல் பானை என்றால் வெண்கலமோ பித்தளையோதான், ஏழைக் குடியானவர் வீட்டுக்கு அது எட்டாத விலை. மெல்லிய சுவரோடு இரும்புப் பானை வார்க்க முடிந்ததும் நிலைமை மாறியது. பிறகு 19ஆம் நூற்றாண்டில் அயர்லாந்தின் ஊர்களிலேயே பவுண்டரிகள் வந்துவிட்டன.

உங்கள் பானையை ஒரு ஓரமான வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். வயிற்றின் இரண்டு பக்கமும் மேலிருந்து கீழாக மெல்லிய வரம்பு மாதிரி ஒரு கோடு ஓடும், அச்சுப் பெட்டியின் இரண்டு பாதியும் சேர்ந்த இடம் அது. அப்புறம் கவிழ்த்துப் போட்டு அடியைத் தடவுங்கள். கால்களுக்கு நடுவே விரல் நீளத்துக்கு, உடைத்துவிட்ட மாதிரி ஒரு தழும்பு தட்டுப்பட்டால் அதுதான் கேட், உருகிய இரும்பை ஊற்றிய வழி. அப்படி நீளக்கோடாக இருந்தால் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டு அல்லது அதற்கும் முந்தைய வேலை.

தட்டையடிப் பானையும் வார்ப்புதான். கிரேன், கொக்கி, இடுக்கி, அந்த ஸ்டாண்டு, இவையெல்லாம் பட்டறை வேலையாக இருக்கும். வட்டக் கல் இரண்டு விதமாகவும் வரும், படம் போடுங்கள்.

பெல்ஃபாஸ்ட்_செல்வி

குமரன் தம்பி, அந்த இதய வடிவ ஸ்டாண்டைத் தயவுசெய்து யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்! அது ஹார்னன் ஸ்டாண்டு. அயர்லாந்தின் வடக்கு மாகாணமான அல்ஸ்டரில்தான் இது அதிகம், கேவனும் அல்ஸ்டரைச் சேர்ந்த கவுண்டி என்பதால் அங்கே கிடைத்ததில் ஆச்சரியமில்லை.

இதன் வேலை ஓட்ஸ் ரொட்டியைக் காயவைப்பது. ஓட்ஸ் மாவு, உப்பு, கொஞ்சம் கொழுப்பு, கொதிநீர், இவ்வளவுதான். மெல்லிசாகத் தட்டி முதலில் வட்டக் கல்லில் ஒரு பக்கம் வேகவிடுவார்கள். பிறகு அதை எடுத்து இந்த ஸ்டாண்டில் சாய்த்து நெருப்பைப் பார்த்த மாதிரி நிறுத்திவிடுவார்கள், மெதுவாக ஈரம் வற்றி மொறுமொறுவென்று ஆகிவிடும். அப்படிக் காய்ந்த ரொட்டி வாரக்கணக்கில் கெடாது. கீழே இருக்கும் சின்ன விளிம்பு ரொட்டி சறுக்காமல் இருக்கத்தான்.

பெல்ஃபாஸ்ட் அருகே ஹோலிவுட் ஊர்ப் பக்கத்தில் கல்ட்ரா என்ற இடத்தில் அல்ஸ்டர் நாட்டுப்புற அருங்காட்சியகம் இருக்கிறது, 1964இல் மக்களுக்குத் திறந்தார்கள். பழைய பண்ணை வீடுகளைக் கல் கல்லாகப் பிரித்து எடுத்துவந்து திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள், உள்ளே நிஜமாகவே அடுப்பு எரிகிறது. வட்டக் கல்லில் சோடா ரொட்டி சுட்டு, நாலு காலாக வெட்டிச் சூடாகக் கொடுப்பார்கள். பிள்ளைகளோடு போனால் அரைநாள் போவது தெரியாது. உங்கள் சாமான்களில் ஒவ்வொன்றும் எந்த இடத்தில் தொங்கியது, எது எதன் பக்கத்தில் நின்றது என்று அங்கே போனால் கண்ணால் பார்த்துவிடலாம்.

துருத்தி

கிளேர் கவுண்டியில் ஒரு பட்டறையில் வார இறுதியில் போய்க் கொல்லு வேலை கற்றுக்கொண்டிருக்கிறேன், அதனால் இதில் எனக்கு ஆர்வம் அதிகம். செல்வி அக்கா சொன்ன ஸ்டாண்டைப் பற்றி இன்னொன்று. அந்த இதயத்தின் கூர்முனையில் இரண்டு கம்பிகள் சேரும் இடத்தைப் பாருங்கள். அங்கே ரிவெட் இருக்கிறதா, அல்லது இரண்டும் உருகி ஒன்றானது மாதிரி இருக்கிறதா? ஒன்றானது மாதிரி இருந்தால் அது உலையொட்டு. இரண்டு முனையையும் வெள்ளையாகப் பொரி பறக்கும் அளவுக்குக் காய்ச்சி, கொஞ்சம் மணல் தூவி, வெளியே எடுத்த கையோடு பட்டடையில் வைத்து அடிக்க வேண்டும். சில நொடி தாமதித்தால் ஒட்டாது, ஒரு நொடி கூடுதலாக உலையில் விட்டால் முனை எரிந்து போகும். இவ்வளவு மெல்லிய கம்பியில் அதைச் செய்வது சாமானியமில்லை. ரொட்டி காயவைக்க இதயம் தேவையே இல்லை, நாலு குறுக்குக் கம்பி போதும். யாரோ ஒருவர் கூடுதலாக மெனக்கெட்டிருக்கிறார்.

கிரேனைப் பற்றி: அடியில் ஒரு கூர்மையான முனை கல்லில் குடைந்த குழியில் உட்கார்ந்திருக்கும், மேலே சுவரில் அடித்த வளையத்தில் தண்டு நுழைந்திருக்கும். அதனால்தான் ஒரு கையால் தள்ளினாலே கொதிக்கிற பானையோடு நெருப்பிலிருந்து விலகி முன்னால் வந்துவிடுகிறது. பெண்கள் நெருப்புக்குள் குனிந்து கனமான பானையைத் தூக்கிய காலத்துக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்று யோசித்துப் பாருங்கள். கிரேனுக்கு முந்தி புகைபோக்கிக்குள் ஒரு மரக்கட்டையைக் குறுக்கே போட்டு அதிலிருந்து சங்கிலி தொங்கவிட்டார்கள், சில வீடுகளில் கிரேனே மரத்தில் இருந்தது. கொக்கிகள் பல நீளத்தில் இருப்பது நெருப்பின் உயரத்தை மாற்ற முடியாது, பானையின் உயரத்தைத்தான் மாற்ற முடியும் என்பதால். தீ கூட வேண்டுமா, நீளக் கொக்கி. அடங்க வேண்டுமா, குட்டைக் கொக்கி.

கிரேனை மட்டும் சுவரிலிருந்து பிடுங்க வேண்டாம் என்பது என் கெஞ்சல். பானை எங்கே இருந்தாலும் பானைதான். கிரேன் அந்த ஒரு அடுப்புக்கு அளவெடுத்து அடித்தது, இடம் மாறினால் வெறும் கம்பி.

பழஞ்சாமான்

நான் பத்துப் பன்னிரண்டு வருடமாக ஏலங்களுக்குப் போகிறேன், கொஞ்சம் மாற்றுக் கருத்து. வார்ப்படம் சொன்னபடி பானை வார்ப்பு என்று தெரிந்துவிட்டால் அதற்கு மதிப்பு அவ்வளவுதான். அயர்லாந்தில் எந்தப் பப் வாசலைப் பார்த்தாலும் அந்த மூன்று கால் பானையில் பூச்செடி வைத்திருக்கிறார்கள். அத்தனை வார்த்துத் தள்ளியிருக்கிறார்கள். ஸ்டாண்டையும் கொக்கியையும் வைத்துக்கொண்டு பானைகளைக் கொடுத்துவிடலாம். கையால் செய்தது வேறு, தொழிற்சாலைப் பொருள் வேறு.

வார்ப்படம்

இதை நான் ஒத்துக்கொள்ள முடியாது நண்பரே, கோபமில்லை, ஆனால் சொல்லியே ஆக வேண்டும். மணல் வார்ப்பு கைவேலை இல்லை என்று யார் சொன்னது? ஒரு மூன்று கால் பானைக்கு அச்சு எடுப்பதை நினைத்துப் பாருங்கள். வயிறு பெருத்து வாய் சிறுத்த வடிவம், பேட்டர்னை (மணலில் அச்சுப் பதிக்கும் மாதிரி வடிவம்) அப்படியே மேலே தூக்க முடியாது, இரண்டு பாதியாகப் பிரித்துத்தான் எடுக்க வேண்டும். கால்களுக்கும் காதுகளுக்கும் தனித்துண்டு. உள்ளே வெற்றிடம் வர ஒரு கோர், அதாவது அச்சின் நடுவில் வைக்கும் கட்டி. பேட்டர்னைச் சுற்றி மணலை ஒருவர் கையால்தான் இடிக்கிறார், தளர்வாக இடித்தால் இரும்பு ஊற்றும்போது சுவர் சரியும், இறுக்கி இடித்தால் காற்று வெளியேறாமல் உள்ளே குமிழ் விழும். அந்தப் பதம் கைக்குத்தான் தெரியும், எந்த அளவுகோலும் கிடையாது. கோர் ஒரு நூல் நகர்ந்தால் பானையின் ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் தாள் மாதிரி ஆகிவிடும். குமரன், உங்கள் சின்னப் பானையின் விளிம்பைச் சுற்றிக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வைத்து நகர்த்திப் பாருங்கள், ஒரே தடிமனாக இருக்காது. அது ஒரு தொழிலாளியின் கை.

கொல்லரின் பெயராவது அவர் ஊரில் தெரியும். அச்சு இடித்தவரின் பெயர் யாருக்கும் தெரியாது. அதற்காக அவர் வேலையை இரண்டாம் தரம் என்று சொல்வது நியாயமில்லை.

பழஞ்சாமான்

சரி, அச்சுவேலை இவ்வளவு நுணுக்கம் என்று இதுவரை யாரும் இப்படி விளக்கியதில்லை. விலை விஷயத்தில் நான் சொன்னது சந்தை நிலவரம்தான், அதை நாம் மாற்ற முடியாது. ஆனால் வியாபாரி "கொல்லர் கையால் செய்த பானை" என்று சொல்லி விற்பது தவறு, அதில் உங்கள் பக்கம்.

அதேபோல இன்னொன்றும் நடக்கிறது. கொஞ்சம் பெரிய பானை கிடைத்தால் உடனே "பஞ்சகாலப் பானை" என்று அட்டை மாட்டிவிடுகிறார்கள். 1845இல் உருளைக்கிழங்கு அழுகல் நோய் வந்து பெரும்பஞ்சம் ஆனபோது, 1846 நவம்பரில் குவேக்கர்கள் நிவாரணக் குழு அமைத்தார்கள், பெரிய பெரிய கொதிகலங்களை ஊர்களுக்கு அனுப்பிக் கூழும் சூப்பும் காய்ச்சினார்கள். 1847 கோடையில் அரசாங்கச் சூப் சட்டத்தின் கீழ் ஒரே நாளில் 30 லட்சம் பேருக்குச் சாப்பாடு போன கட்டமும் இருந்தது. அந்தக் கலங்கள் சில இன்றும் தேவாலய முற்றங்களிலும் ஊர்ப் பொதுவிலும் மிஞ்சியிருக்கின்றன. அவை நூற்றுக்கணக்கானவர்களுக்குக் காய்ச்சும் அளவு. குமரனின் பெரிய பானை பன்றிக்கும் கோழிக்கும் உருளைக்கிழங்கு வேகவைத்ததாகத்தான் இருக்கும், பண்ணை வீடுகளில் பெரிய பானையின் தினசரி வேலை அதுதான். லட்சக்கணக்கானோர் செத்த பஞ்சத்தின் பெயரைச் சும்மா ஒரு பானை மேல் ஒட்டி விலையேற்றுவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

கார்க்_அடுப்படி

ஒருவரும் அந்தத் தட்டையடிப் பானையைப் பற்றிப் பேசக் காணோமே! எனக்கு அதுதான் ராணி. இங்கே தெற்கு மாகாணமான மன்ஸ்டரில் அதை பாஸ்டிபிள் என்பார்கள், உங்கள் பக்கம் பாட் ஓவன் என்றால் புரியும். பெரும்பாலான பண்ணை வீடுகளில் ரொட்டி அடுப்பு என்று தனியாகக் கிடையாது, எரிபொருள் டர்ஃப், சதுப்பு நிலத்து மண்ணை வெட்டிக் காயவைத்த கட்டி. அது விறகு மாதிரி கொழுந்துவிட்டு எரியாது, நின்று கனலும். அந்தக் கனலுக்கு ஏற்ற பாத்திரம் இது.

மூடியைப் பாருங்கள், தட்டையாக இருக்கும், ஓரத்தில் லேசாக விளிம்பு இருக்கும். மாவை உள்ளே வைத்து மூடிக் கிரேனில் தொங்கவிட்டு, இடுக்கியால் கங்கு எடுத்து மூடி மேல் பரப்புவார்கள். கீழே கனல், மேலே கனல். பக்கத்து வீட்டு அம்மா ஒருவர், தன் தாயார் செய்ததை அப்படியே எனக்குச் செய்து காட்டினார். அவர் கங்கை மூடியின் நடுவில் குவிக்கவில்லை, ஓரமாக வட்டமாக வைத்தார், நடுவில் வைத்தால் ரொட்டியின் உச்சி கருகி ஓரம் வேகாமல் நிற்கும் என்றார். நடுநடுவே பானையைக் கால்வட்டம் திருப்பிவிட்டார். வெந்ததா என்று பார்க்க ரொட்டியை எடுத்துக் கவிழ்த்து விரல் முட்டியால் தட்டினார், உள்ளே வெற்றிடம் போல ஒலித்தால் வெந்துவிட்டது, மந்தமாகக் கேட்டால் திரும்ப உள்ளே.

சமையல் சோடா அயர்லாந்துச் சமையலறைக்கு வந்தது 1830கள் 40கள் வாக்கில்தான். இங்கே விளையும் கோதுமை மென்மையானது, ஈஸ்ட் ரொட்டிக்கு வேண்டிய பிசுபிசுப்பு அதில் குறைவு. வெண்ணெய் எடுத்த மோர் வீட்டில் எப்போதும் இருக்கும். மோரின் புளிப்பும் சோடாவும் சேர்ந்தால் உடனே பொங்கும், ஊறவைக்க வேண்டாம், பிசையக்கூட வேண்டாம், கலந்த சூட்டோடு பானைக்குள் போட வேண்டும். மென்மையான மாவு, மோர், சோடா, பாட் ஓவன், டர்ஃப் கனல், இத்தனையும் ஒன்றுக்கொன்று பொருந்திப் போனதால்தான் சோடா ரொட்டி இந்த நாட்டின் ரொட்டி ஆனது. பானையைத் தனியாக எடுத்து அலமாரியில் வைத்தால் இந்தக் கதை பாதிதான் தெரியும்.

அளவு கேட்பீர்கள் என்பதால்: 450 கிராம் மாவு, ஒரு தேக்கரண்டி உப்பு, தலைதட்டிய ஒரு தேக்கரண்டி சோடா, மோர் 350 முதல் 400 மில்லி. மேலே ஆழமாகக் கூட்டல்குறி போல் கீறிவிடுங்கள். சாதாரண ஓவனுக்குள்ளும் அந்தப் பானையை வைத்துச் சுடலாம், 40 நிமிடத்துக்கு மேல் ஆகும்.

குமரன்_கேவன்

எல்லோருக்கும் நன்றி, படிக்கப் படிக்கக் கொட்டகைக்கு ஓடிப் பார்க்கத் தோன்றுகிறது. படங்கள் இணைத்திருக்கிறேன். ஸ்டாண்டின் கூர்முனையில் ரிவெட் இல்லை, துருத்தி சொன்ன மாதிரி ஒன்றாகிப் போயிருக்கிறது. வட்டக் கல்லில் எந்தக் கோடும் தழும்பும் இல்லை, துரு உரிந்த இடத்தில் மரத்தின் ரேகை மாதிரி வரிவரியாகத் தெரிகிறது. சின்னப் பானையின் அடியில் ஒரு ஓட்டையை அடைத்திருக்கிறார்கள், உள்ளேயும் வெளியேயும் தகடு வைத்து நடுவில் ஆணி அறைந்த மாதிரி. இது கெட்டுப்போனதா?

துருத்தி

அந்த வரிகள் தேனிரும்பின் (அடித்து வளைக்கிற பழைய வகை இரும்பு) அடையாளம்! பழைய முறையில் செய்த இரும்பில் கசடு இழை இழையாக உள்ளே தங்கிவிடும், துரு அந்த இழை வழியாகப் போவதால் ரேகை தெரியும். 1856க்குப் பிறகு பெஸ்ஸமர் முறையில் மலிவாகச் செய்த எஃகு வந்து மெல்ல மெல்லத் தேனிரும்பை ஓரங்கட்டிவிட்டது. ஆனால் அதை மட்டும் வைத்து வயதைக் கணித்துவிடாதீர்கள், கிராமத்துக் கொல்லர் எதையும் வீணாக்க மாட்டார், பழைய வண்டிச் சக்கரப் பட்டையையும் லாடத்தையும் திரும்பக் காய்ச்சி அடித்திருப்பார்.

சாண்ட் பிளாஸ்டிங் கூடாது என்பதற்கும் இதுவே காரணம். சம்மட்டித் தடம், ரேகை, கொக்கி உரசித் தேய்ந்த பள்ளம், எல்லாவற்றையும் அது ஒரே மாதிரி சொரசொரப்பாக்கிவிடும்.

பெல்ஃபாஸ்ட்_செல்வி

ஓட்டை அடைத்த பானையைத்தான் நான் முதலில் எடுப்பேன். ஊர் ஊராகப் போன தகர வேலைக்காரர்கள், அநேகமாக டிராவலர் என்ற நாடோடிச் சமூகத்தவர்கள், இந்த மாதிரி ஒட்டுப் போடுவதில் கெட்டிக்காரர்கள். புது வாளி, குவளை செய்து விற்பார்கள், பழையதை வாசலில் உட்கார்ந்து அடைத்துக் கொடுப்பார்கள். எனாமலும் பிளாஸ்டிக்கும் வந்தபின் அந்தத் தொழில் படுத்துவிட்டது. அவர்களைத் தனி இனக்குழுவாக ஐரிஷ் அரசு அங்கீகரித்ததே 2017இல்தான். அவர்கள் கைவேலை பெயர் போட்டு எங்கேயும் இருக்காது, இப்படி ஒட்டாகத்தான் மிஞ்சியிருக்கிறது. அதைப் பெயர்த்துவிடாதீர்கள் தம்பி.

வார்ப்படம்

சுத்தம் செய்யும் முறை. முதலில் ஒரு எச்சரிக்கை: கொட்டகையில் கிடந்த பானையில் யாராவது ஈயம் உருக்கியிருக்கலாம், தூண்டில் குண்டுக்கோ கூரை வேலைக்கோ. சமைக்கும் எண்ணம் இருந்தால் ஈயச் சோதனை செய்யாமல் அடுப்பில் ஏற்ற வேண்டாம், ஈயம் இருந்தால் அதில் சமைக்கவே கூடாது.

சமைக்கப் போகும் பாத்திரத்துக்கு வினிகரும் தண்ணீரும் சமபங்கு, அரைமணிக்கு ஒருமுறை எடுத்துத் தேய்த்துப் பாருங்கள், ராத்திரி முழுக்க ஊறப்போட்டால் இரும்பையே தின்றுவிடும். பிறகு சோடா கரைத்த நீரில் அலசி, உடனே அடுப்பில் காயவைத்து, தோசைக்கல் பழக்குவது மாதிரியே எண்ணெய் தடவித் துடைத்துச் சூடேற்றிப் பழக்குங்கள். இங்கே அந்தக் காலத்தில் பன்றிக்கொழுப்புதான். மின்பகுப்பு முறையில் துரு எடுக்கச் சொல்லி யாராவது வருவார்கள், செய்தால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகட்டை அதில் வைக்கவே கூடாது, அதிலிருந்து விஷமான குரோமியம் கரைந்து வரும். துரு எரியட்டும் என்று பானையைத் தீக்குள் போட வேண்டாம், கோணிப்போகும். சூடான வார்ப்பிரும்பில் பச்சைத்தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடும், வார்ப்பில் விட்ட விரிசலை ஒட்டுவது பெரிய பாடு.

கிரேன், கொக்கி, ஸ்டாண்டு இவற்றுக்குக் கம்பி பிரஷால் உதிரும் துருவை மட்டும் எடுத்து, பச்சை ஆளிவிதை எண்ணெய் மெல்லிசாகத் தடவித் துடைத்துவிட்டால் போதும்.

கார்க்_அடுப்படி

இன்னொரு யோசனை. அந்தப் பாட்டி இருக்கிறார் அல்லவா, அவரிடம் போய்க் கேளுங்கள், எந்தக் கொக்கியில் எதைத் தொங்கவிட்டார்கள், எந்த நாளில் ரொட்டி, மூடிய இரும்பு ரேஞ்ச் அடுப்பு எப்போது வந்தது என்று. கிராமங்களுக்கு மின்சாரம் கொண்டுபோகும் திட்டம் 1946இல்தான் தொடங்கியது, சில மூலைகளுக்குப் போய்ச் சேர இன்னும் பல வருடம் ஆனது, அதனால் அவர் கையாலேயே இந்தப் பானையைத் தொங்கவிட்டிருக்கலாம்.

பழஞ்சாமான்

அதோடு பள்ளிக்கூடத் திரட்டையும் தேடுங்கள். 1937 முதல் 1939 வரை அயர்லாந்தின் 26 கவுண்டிகளிலும் ஏறக்குறைய 5,000 பள்ளிகளில் ஏறக்குறைய 50,000 பிள்ளைகள் தங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதிய நோட்டுப் புத்தகங்கள், இப்போது டூகஸ் இணையதளத்தில் இலவசமாகப் படிக்கலாம். உள்ளூர்ப் பட்டறை, ரொட்டி, பழைய தொழில்கள் என்று தலைப்பு வாரியாக இருக்கும். கேவனுக்கும் உண்டு. உங்கள் பாரிஷ் (தேவாலயப் பங்கு) பெயரைப் போட்டுப் பாருங்கள், அந்த ஊர்க் கொல்லரின் பட்டறை எங்கே இருந்தது என்று எழுதியிருந்தாலும் எழுதியிருக்கும்.

குமரன்_கேவன்

வியாபாரிக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மகனிடமும் பேசினேன், அடுப்புச் சுவரை இடிக்கும் எண்ணம் அவருக்கே அரை மனதாகத்தான் இருந்திருக்கிறது, கிரேனை அப்படியே விட்டுப் புது அறையைப் பக்கத்தில் இழுத்துக் கட்டலாமா என்று கட்டடக்காரரைக் கேட்கிறேன் என்றார். ஸ்டாண்டை அவருக்கே திருப்பிக் கொடுத்தேன், அது என்ன என்று அவருக்கும் தெரிந்திருக்கவில்லை. பானைகளும் கல்லும் என்னிடம். ஈயச் சோதனைக் குச்சி ஆர்டர் போட்டிருக்கிறேன், பாட்டியைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை மகள் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அவர் சொல்வதை எழுதிவந்து இங்கேயே போடுகிறேன். வேறு என்ன கேட்க வேண்டும் என்று யாருக்காவது தோன்றினால் அதற்குள் சொல்லுங்கள்.

துருத்தி

ராத்திரி நெருப்பை எப்படி மூடினார்கள் என்று கேளுங்கள். கங்கைச் சாம்பலுக்குள் புதைத்துக் காலையில் கிளறி எடுப்பார்கள், அடுப்பு அணையவே விடமாட்டார்கள், ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு முறை உண்டு. அப்புறம் கொல்லரின் பெயர். அதை மறந்துவிடாதீர்கள்.